காரைக்குடியில் ஒரு உளவியல் நிபுணரிடம் போய் வந்த அனுபவம்

அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, உளவியல் நிபுணரைப் பாருங்கள் என்றார்.

போகத் தயக்கமாக இருந்தது. செட்டிநாட்டில் யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு வழியில் உறவு வந்துவிடும். காரைக்குடியில் நான் ஒரு படியேறினால் தேவகோட்டையில் பேச்சாகிவிடுமோ என்ற பயம். அதை அந்த நிபுணரிடமே முதலில் சொன்னேன். “இங்க பேசுறது வெளிய போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் சொல்ல வேண்டி வரும். கல்யாண வீட்ல பாத்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா பேசுறேன்” என்றார். பாதி பாரம் அங்கேயே இறங்கியது. இந்த ரகசியக் காப்பு, 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நமக்குத் தரும் உரிமை என்பதையும் அவர்தான் சொன்னார்.

தன்னைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். உளவியலில் எம்.ஏ., அப்புறம் மருத்துவமனைப் பயிற்சியோடு 2 ஆண்டு எம்.ஃபில்., இப்படிப் படித்தவர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு. மாத்திரை எழுதித் தரத் தனக்கு அனுமதி இல்லை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன் என்றும் சொல்லிவிட்டார். தன் எல்லையை இப்படி வாய்விட்டுச் சொல்கிறவரைத்தான் நம்பலாம் என்பது என் எண்ணம். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

துக்கம் கேட்க வந்த எல்லாரும் “தைரியமா இரு, ஆத்தாளைப் பாத்துக்க” என்றார்கள். இவர் அதைச் சொல்லவே இல்லை. நான் அழுதால் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருப்பார். ஒருநாள், “அப்பச்சி வீட்ல எங்க உக்காருவாங்க?” என்று கேட்டார். முகப்புத் திண்ணையில். அந்தப் பக்கம் போக முடியாமல் நான் பின்கட்டு வழியாகவே வந்து போய்க்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. தவிர்க்கத் தவிர்க்க இன்றைக்கு நிம்மதி, ஆனால் பயம் வளரும் என்று விளக்கினார். படபடப்பு பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கிவிடும், அதுவரை அந்த இடத்தை விட்டு ஓடாமல் இருந்து பாருங்கள் என்றார். முதலில் முகப்பு வாசலில் நிற்பது, பிறகு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருவது, அப்புறம் அங்கேயே பேப்பர் படிப்பது. எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதை என் முடிவுக்கே விட்டார். திண்ணையில் உட்கார்ந்த முதல் நாள் தேம்பித் தேம்பி அழுதேன். ஆனால் எழுந்து ஓடவில்லை.

இப்போது தூங்குகிறேன். படபடப்பு எப்போதாவது வருகிறது, வந்தால் என்ன செய்வதென்று தெரிகிறது.

பக்கத்தில் நிபுணர் கிடைக்காதவர்கள் 14416க்கு அழைக்கலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

என்னைப் பார்த்துவிட்டு ஆத்தாளும் வருகிறேன் என்றார்கள். அவரிடம் கேட்டேன். “உங்களையும் ஆத்தாளையும் நான் ஒருத்தியே தனித்தனியாப் பாத்தா ரெண்டு பேருக்குமே மனசுவிட்டுப் பேச முடியாது” என்று சொல்லி, மதுரையில் இன்னொருவருடைய எண்ணைக் கொடுத்தார். அடுத்த வாரம் ஆத்தாளைக் கூட்டிப் போகிறேன்.