காதுக்குப் பின்னால் ஒரு வீக்கம்: மாஸ்டாய்டைட்டிஸ் கோடிங்கில் நான் பட்டதும் படித்ததும்

மருத்துவப் பதிவுகளில் உள்ள நோய்களையும் சிகிச்சைகளையும் கோடு எண்களாக மாற்றும் வேலைதான் மெடிக்கல் கோடிங். அதற்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும்போது காது அத்தியாயத்தை நான் ஒரே மாலையில் முடித்தேன். நோய்களுக்கான கோடுகள் உள்ள ஐசிடி-10-சிஎம் புத்தகத்தில் எட்டாவது அத்தியாயம், எச் 60 முதல் எச் 95 வரை, மிகச் சிறிய பகுதி. சர்க்கரை நோய்க்கும் கர்ப்பத்துக்கும்தான் நேரம் வேண்டும் என்று நினைத்தேன். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், நான் கோடு போட்ட சார்ட் (நோயாளியின் மருத்துவப் பதிவு) ஒன்று ஆடிட்டில் தவறு என்று திரும்பி வந்தது. அந்தச் சிறிய பகுதியிலிருந்துதான்.

அமெரிக்க மருத்துவமனைச் சார்ட் அது. சின்னக் குழந்தை. காய்ச்சல், இடது காதில் வலி. பரிசோதனைக் குறிப்பில், காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காது மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்று ஒரு வரி. டிஸ்சார்ஜ் சம்மரியின் முடிவில் ‘இடது காது, அக்யூட் மாஸ்டாய்டைட்டிஸ்’, அதாவது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் திடீரென வந்த தொற்று. நான் எச் 70.002 போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆடிட் பார்த்த அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆபரேஷன் நோட்டைத் திறந்தார். எலும்புறைக்கு (எலும்பை மூடியிருக்கும் சவ்வு) அடியில் கட்டியிருந்த சீழை வெளியேற்றியதாகச் சர்ஜன் தெளிவாக எழுதியிருந்தார். சரியான கோடு எச் 70.012. “சம்மரி கடைசிப் பக்கம்தான்மா, மொத்தச் சார்ட்டும் அது இல்லை” என்றார். வித்தியாசம் ஐந்தாவது இடத்தில் ஒரே ஓர் எண். ஆனால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்பதைச் சொல்வதே அந்த எண்தான்.

அன்றிரவு நோயையே முதலில் படித்தேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள். காதுக்குப் பின்னால் தொட்டால் மேடாகத் தெரிகிறதே, அதுதான் மாஸ்டாய்டு. உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள். அவை நடுக்காதோடு இணைந்திருப்பதால் நடுக்காதுச் சீழ் அங்கேயும் போகும். முற்றினால் அறைகளின் சுவரை அரிக்கும். எலும்பைத் துளைத்து வெளியே வந்தால் எலும்புறைக்கு அடியில் கட்டியாக நிற்கும். வேறு பக்கம் பரவினால் வேறு சிக்கல்கள். கோடுகளும் இதே வழியில்தான் போகின்றன: சிக்கல் இல்லையென்றால் எச் 70.00, எலும்புறைக்கு அடியில் சீழ்க்கட்டி என்றால் எச் 70.01, மற்றச் சிக்கல்கள் எச் 70.09. ஆறாவது இடத்தில் வலது 1, இடது 2, இரண்டும் 3, சொல்லப்படவில்லை என்றால் 9. நாள்பட்டதற்கோ ஐந்தே இடம். இடது காது என்றால் எச் 70.12, அதோடு முடிந்தது. கைப்பழக்கத்தில் ஆறாவது எண்ணைச் சேர்த்துவிடாதீர்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைத்த சொல் ‘கோலெசன்ட்’. அறைச் சுவர்கள் அரித்து ஒன்றாகிவிட்ட நிலை அது. மருத்துவரைப் பொறுத்தவரை கடுமையான நோய். ஆனால் புத்தகத்தின் அகரவரிசை இண்டெக்ஸில் அந்தச் சொல் அடைப்புக்குள்தான் நிற்கிறது, கோடு எதையும் மாற்றாது. ‘அக்யூட்’ என்று எழுதாமல் ‘கோலெசன்ட் மாஸ்டாய்டைட்டிஸ்’ என்று மட்டும் இருந்தால் இண்டெக்ஸ் நம்மை வகை சொல்லப்படாத எச் 70.9க்கே அனுப்பும். நோய் நமக்குப் புரிகிறது என்பதற்காக ‘அக்யூட்’ என்று நாமாகச் சேர்க்கக் கூடாது. விளக்கம் கேட்டு மருத்துவருக்குக் குவெரி அனுப்ப வேண்டும். நோயைப் படிப்பது சரியான கேள்வி கேட்கத்தான்.

சிடி ஸ்கேனிலும் இதே கவனம் வேண்டும். ‘மாஸ்டாய்டு அறைகளில் திரவம்’ என்று ரிப்போர்ட் சொன்னால் அது மாஸ்டாய்டைட்டிஸ் ஆகிவிடாது. சாதாரண நடுக்காதுத் தொற்றிலும் அங்கே திரவம் தேங்கும். அப்புறம், ‘மாஸ்டாய்டைட்டிஸாக இருக்கலாம்’ என்று அவுட்பேஷன்ட் குறிப்பில் இருந்தால் அந்த நோய்க்குக் கோடு கிடையாது, அறிகுறிக்குத்தான். இடது காது வலி எச் 92.02. இன்பேஷன்டாக இருந்து டிஸ்சார்ஜ் வரை அதே சந்தேகம் நீடித்தால், மருத்துவமனைக் கணக்கில் நோய் உறுதியானதைப் போலவே கோடு போடுவார்கள். தேர்வுக் கேள்வியில் நோயாளி எங்கே பார்க்கப்பட்டார் என்ற சொல்லைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் காது என்று மருத்துவர் எழுதாவிட்டால் உடனே 9 போடாதீர்கள். நர்ஸ் குறிப்பிலிருந்து பக்கத்தை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மட்டும் சிகிச்சை தரும் மருத்துவரையே கேட்க வேண்டும்.

கூடவே சீழ் பிடித்த நடுக்காதுத் தொற்று இருந்து, செவிப்பறை தானாகக் கிழிந்திருந்தால், இடது காதுக்கு எச் 66.012. செவிப்பறை ஓட்டைக்கு என்று எச் 72 தனியாகச் சேர்க்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது. எச் 72க்குக் கீழே உள்ள எக்ஸ்குளூட்ஸ்-1 குறிப்பை (இந்த இரண்டையும் சேர்த்துப் போடாதே என்பது) படித்தால் கை நின்றுவிடும்.

சிகிச்சைகளுக்கான கோடுகள் உள்ள சிபிடி புத்தகத்தில் இந்த இடம் சுருக்கமானது. எளிய மாஸ்டாய்டெக்டமி (மாஸ்டாய்டு அறைகளை அகற்றும் ஆபரேஷன்) 69501, முழுமையானது 69502. காதில் டியூப் வைத்தால் மயக்க மருந்தைப் பாருங்கள்: பொது மயக்கம் 69436, அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக வைத்தால் 69433. இரு காதுக்கும் செய்திருந்தால், கோடோடு சேர்த்து எழுதும் மாடிஃபையர் எண் 50.

தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். கணக்குப் போட்டால் கேள்விக்கு இரண்டரை நிமிடம்கூட முழுதாக இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு, பக்கங்களில் கையால் எழுதிய குறிப்புகளும் இருக்கலாம். தாளை ஒட்டியோ செருகியோ வைக்கத்தான் கூடாது. அதனால் படிக்கும்போதே எழுதிவிடுங்கள். என் புத்தகத்தில் எச் 70 பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் நான்கு சொற்கள் இருந்தன: அக்யூட்டா, எந்தக் காது, சீழ்க்கட்டியா. நீண்ட ஆபரேஷன் நோட் வரும் கேள்விகளில் விடைகளை முதலில் பார்ப்பேன். நான்கு விடைகளும் எந்த எண்ணில் வேறுபடுகின்றன என்று தெரிந்துவிட்டால், நோட்டில் எந்த வரியைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.