அம்மையின் வால்வு: குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் வரை

மே 27, செவ்வாய்

அம்மையின் இதய எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்தது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் கதவு, அயோர்ட்டிக் வால்வு, அதில் சுருக்கம், கடுமையானது. திறப்பு 0.7 சதுர செ.மீ. நல்ல வால்வு 3, 4 வரை திறக்கும். 1-க்குக் கீழே போனாலே கடுமைக் கணக்கு. அம்மைக்குப் பிறவியிலேயே மூன்று இதழுக்குப் பதில் இரண்டுதானாம். நூறு பேரில் ஒருவர், இருவருக்கு அப்படி இருக்கும், அதில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும் என்றார் டாக்டர். 73 வயது வரை ரப்பர் பால் வெட்டி, ரப்பர் ஷீட் அடித்து, எங்களையும் வளர்த்தது அந்த ரெண்டு இதழை வைத்துத்தான். போன மாசம் திருவட்டாறு கோயில் படியில் கண் இருட்டி உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

மே 30

வால்வை மாற்ற ஆபரேஷன் என்றதும் நாள் முழுக்க சொந்தக்காரர்கள் போன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "இந்த வயசுல எதுக்கு நெஞ்சை அறுக்கணும்? மாத்திரையில பாத்துக்கிடலாமே." மாத்திரை சுண்ணாம்பைக் கரைக்காது. மூச்சுத்திணறலும் மயக்கமும் தொடங்கிய பிறகு மாற்றாமல் விட்டால் இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விடுவார்கள். மாமாவிடம் இதைச் சொன்னால், "டாக்டர்மாரு அப்படித்தான் சொல்லுவினும்" என்கிறார். அம்மை போனைப் பிடுங்கினாள். "எனக்க நெஞ்சு. நான் பாத்துக்கிடுதேன்." டக்கென்று வைத்துவிட்டாள். இத்தனை பேர் பேசினார்களே, ஒருத்தராவது "அவளுக்கு என்ன விருப்பம்" என்று கேட்டார்களா? எனக்கு எரிச்சல் அதில்தான்.

ஜூன் 2, திங்கள்

திருவனந்தபுரம். இடவப்பாதி மழை, பாறசாலை தாண்டும்வரை வைப்பர் நிற்கவில்லை.

சர்ஜன் மலையாளத்தில் சொன்னார், அம்மை தமிழில் கேட்டாள், இரண்டு பேருக்கும் புரிந்தது. வால்வு இரண்டு வகை. உலோக வால்வு உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. திசு வால்வுக்கு அந்த மாத்திரை சுமார் மூன்று மாசம் போதும், ஆனால் பத்து, பதினைந்து வருஷத்தில் தேயலாம். 65 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் திசு வால்வுதான். வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். மாத்திரை போடுகிறவர் தலை அடிபட விழுந்தால் உள்ளே கசிவு நிற்காது.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு இருப்பது உலோகம், சித்ரா வால்வு. இதே ஊரில் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வல்லியத்தான் இயக்குநராக இருந்த காலத்தில் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தது. தட்டு ஒன்று சாய்ந்து சாய்ந்து திறக்கும். அவருக்குச் சின்ன வயசில் வந்த வாதக் காய்ச்சல் வால்வைத் தின்றுவிட்டது. ராத்திரி அமைதியில் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக் டிக் கேட்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனைக்கு மாசாமாசம் ஓடுகிறார். அம்மைக்கு அந்த ஓட்டம் வேண்டாம்.

தொடை வழியாகக் குழாய் விட்டு வைக்கும் டாவி பற்றியும் கேட்டேன். 2002-ல் பிரான்சில் கிரிபியே என்ற டாக்டர் முதலில் செய்தது. 80-க்கு மேலே உள்ளவர்களுக்கு இப்போது அதுதான் முதல் யோசனை. நெஞ்சைத் திறக்க வேண்டாம். ஆனால் ரெண்டு இதழ் வால்வில் அது எப்போதும் சரியாக உட்காராது, அம்மைக்குத் திறந்து செய்வதே நல்லது என்றார். செலவும் பல மடங்கு. முதல் காரணம் இல்லாமலிருந்தால் ரெண்டாவதோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

திசு வால்வு எதிலிருந்து என்று அம்மை கேட்டாள். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை. நான் தரையைப் பார்த்தேன். அம்மை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாலு குடிச்சாச்சு, சாணம் மெழுகியாச்சு. இதையும் தரட்டு" என்றாள். சர்ஜன் சிரித்துவிட்டார்.

ஜூன் 5

ஆஞ்சியோ முடிந்தது, அடைப்பு இல்லை. ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் போய்ப் புது வால்வில் குடியேறிவிடக் கூடாதாம். ரத்தம் கொடுக்கத் தம்பியின் கூட்டாளிகள் காலை ரயிலில் வந்தார்கள், பரோட்டா தின்றுவிட்டுப் போனார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தால் இதயத்தை நிறுத்துவார்கள், திரும்பத் துடிக்கும்வரை மெஷின்தான் இதயமும் நுரையீரலும். ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: 21 மில்லிமீட்டர் வால்வு, இதயம் தானாகத் துடிக்கிறது. நோயாளியோடு கூட இருப்பவருக்கான பைஸ்டாண்டர் பாஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அப்பா தூங்கிவிட்டார்.

ஜூன் 12

இதை ஒருத்தரும் எங்களுக்கு முன்னாடி சொல்லவில்லை. ஐசியூவில் அம்மைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "மழை வருது, ஷீட்டை எடுத்து உள்ள போடு பிள்ளே" என்று ராத்திரி முழுக்க நர்ஸைத் திட்டியிருக்கிறாள். அங்கே ஜன்னலே கிடையாது. டிரிப் ஊசியையும் பிடுங்கப் பார்த்தாளாம், கையுறை மாட்டி வைத்திருந்தார்கள்.

நர்ஸ் ஒரு கோட்டயத்துப் பெண், பதறவேயில்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களில் பலருக்கு இந்தக் குழப்பம் வரும், பெரும்பாலும் சில நாளில் தெளியும் என்றாள். "அம்மச்சியோட கண்ணாடியும் காது மெஷினும் கொண்டா சேச்சி." இரண்டும் எங்கள் பையில்தான் இருந்தன. காது மெஷினை மாட்டியதும் அம்மை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஷீட்டு நனைஞ்சா?" நனையவில்லை என்றேன். பேசாமல் படுத்தாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருந்தால் தம்பி அந்த அழுகை அழுதிருக்க மாட்டான்.

ஜூன் 15

தெளிந்துவிட்டாள். மூச்சுப் பயிற்சிக்குத் தந்த மூன்று பந்து மெஷினோடு சண்டை. எல்லாரும் ஊதுவார்கள், அது ஊதுவதற்கில்லை, உறிஞ்ச வேண்டும். இரண்டாவது பந்து பாதி வரை ஏறுகிறது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளணும். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

ஜூலை 5, சனி

வீட்டில். ஐஎன்ஆர் 2.4, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கணும், நிற்கிறது. கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும், ஆனாலும் முருங்கைக்கீரையை அடியோடு விடச் சொல்லவில்லை, திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்றுதான் சொன்னார்கள். அதை அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை, மரத்தையே வெட்டப் போனார்.

காலையில் தண்ணீர்க் குடத்தில் கைவைத்தவளைத் தம்பி பிடித்துவிட்டான். "வெறும் குடம்லே" என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வால்வு கார்டு தந்திருக்கிறார்கள். இனி பல் பிடுங்கப் போனால் முதலில் அதைக் காட்டணும், முன்னாலேயே ஆன்டிபயாட்டிக் போடணும். எப்போதும் கையில் இருக்கட்டும் என்று அம்மையின் பர்ஸில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால், ரேஷன் கார்டு வைக்கிற பிஸ்கட் டின்னுக்குள் போட்டு அலமாரியில் பூட்டியிருக்கிறாள்.