லுணுகலை ஏற்றத்தில்

மட்டக்களப்பு வாவிக்கரையின் சமதரையிலேயே சைக்கிள் மிதித்துப் பழகிய எனக்கு, செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதி பிபிலைக்கு அப்பால் மலையேறுவதும், பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருப்பதும் வரைபடத்தில் மட்டுமே தெரிந்திருந்தன. பதுளை நோக்கிய ஒரு கூட்டுச் சைக்கிள் சவாரியில் கரடியனாறு, மகாஓயா வரை அனைவரும் கதைத்துக்கொண்டே சென்றோம்.

லுணுகலை ஏற்றத்தில் பேச்சு அடங்கியது. ஏற்றம் தொடங்குமுன்பே கியரை மாற்றியிருக்க வேண்டும். நான் முழுப் பலத்துடன் மிதித்தபடி மாற்றியதால் செயின் பல்லிலிருந்து நழுவித் தொங்கியது. பின்னால் வந்த ஏறாவூர்ப் பெரியவர் இறங்கி, ஒரு குச்சியால் செயினைத் தூக்கிப் பல்லில் மாட்டி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுழற்றினார். "அவசரப்படாத மனே, மூச்சப் பார்த்து மிதி" என்றார். பசறை வரை அவருடைய பின்சில்லைப் பார்த்தபடியே ஏறினேன்.