சவுத் ஆப்பிரிக்காவுல விவாகரத்து, புள்ளைக்கு மெயின்டனன்ஸ், என் விசா: நான் கடந்து வந்த வழி

கல்யாணம் ஆகி தமிழ்நாட்டுலேர்ந்து டர்பன் பக்கம் வந்த பொண்ணுங்க எங்கிட்ட தனியா கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "அக்கா, அவரை விட்டுப் பிரிஞ்சா விசா போயிடுமாமே, புள்ளையையும் விட்டுட்டு ஊருக்குப் போகணுமாமே, நிஜமா?" டர்பன்ல இருக்குற சாட்ஸ்வொர்த்துல எங்க வீட்டுலயும் சண்டை வந்தா கடைசியில இந்த மிரட்டல்லதான் வந்து நிக்கும். அதனால இதைக் கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எனக்கு இருந்தது இமிக்ரேஷன் சட்டத்துல 11(6) பிரிவுன்னு சொல்ற ஸ்பவுஸ் விசா, அதாவது இந்த நாட்டுக்காரரோட மனைவிங்குறதால குடுக்குற விசா, அதுல வேலை பாக்க அனுமதி உண்டு, நான் ஒரு சின்ன கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். பையன் இந்த நாட்டுக் குடிமகன், இது முக்கியம், கடைசியில என்னைக் காப்பாத்துனதே இதுதான்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். விவாகரத்துக்கு 1979 சட்டம், மெயின்டனன்ஸுக்கு (அதாவது புள்ளை செலவுக்குப் பெத்தவங்க கட்டுற பணத்துக்கு) 1998 சட்டம், விசாவுக்கு 2002 இமிக்ரேஷன் சட்டம், மூணுக்கும் ஆபீஸ் வேற, அதிகாரி வேற. ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு எதுவும் கிடையாது. விவாகரத்து கேஸ் போடாமலே புள்ளைக்கு மெயின்டனன்ஸ் கேக்கலாம், கேக்குறவ கையில என்ன விசா இருக்குன்னு அந்தச் சட்டம் பாக்குறதே இல்ல, ஏன்னா அது புள்ளையோட உரிமை. நான் அங்கேயிருந்துதான் ஆரம்பிச்சேன்.

மெயின்டனன்ஸ் கோர்ட் நம்ம ஏரியா மாஜிஸ்திரேட் கோர்ட்லயே இருக்கும், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு ஃபாரம் தருவாங்க, அதுல மாசச் செலவை உனக்கு எவ்வளவு, புள்ளைக்கு எவ்வளவுன்னு தனித்தனியா எழுதணும். வாடகை, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், டாக்சி, மருந்துன்னு வரிசையா போகும். எனக்கு வந்த ஆபீசர் ஒரு ஜூலு அம்மா, "சிஸி (ஜூலுல அக்கா, தங்கச்சின்னு கூப்பிடுறது), இதுக்கு ஸ்லிப் எங்க?"ன்னு ஒவ்வொரு வரியிலயும் பென்சிலை வச்சு நிறுத்தி நிறுத்திக் கேட்டாங்க. ஸ்கூல் ஷூவுக்கு நான் எழுதியிருந்த தொகையைப் பாத்துட்டு, வருஷத்துக்கு ரெண்டு ஜோடின்னா பன்னெண்டால வகுத்து மாசக் கணக்காப் போடுன்னு அவங்களே திருத்தச் சொன்னாங்க. அக்கறையா செய்யுற ஆள் கிடைச்சா எவ்வளவு பெரிய தெம்புன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. கடை ஸ்லிப் எல்லாம் சில மாசத்துல மை மங்கி வெள்ளையாயிடும், அதனால வாங்குன அன்னைக்கே ஜெராக்ஸ் எடுத்து வைங்க, இல்ல போட்டோவாவது எடுத்துடுங்க. அப்புறம் அவரையும் சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட்டோட கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா அதையே ஆர்டரா போடுவாங்க, ஒத்துக்கலன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி விசாரணை. ரெண்டு பேரோட வருமானத்தையும் பாத்து பங்கு பிரிக்கிறாங்க, அப்பா மட்டும் கட்டணும்னு இல்ல. பணம் ஒழுங்கா வரலன்னா முதலாளியே சம்பளத்துல பிடிச்சு அனுப்புற மாதிரி கோர்ட் ஆர்டர் போடலாம், ஆர்டர் இருந்தும் வேணும்னே கட்டாம இருக்குறது கிரிமினல் குற்றம். இன்னொண்ணு, புள்ளைக்கு 18 ஆயிட்டா நின்னுடும்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படி இல்ல, சொந்தக் கால்ல நிக்குற வரைக்கும் பெத்தவங்களுக்குப் பொறுப்பு உண்டு.

விவாகரத்தைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. யார் மேல தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, கல்யாணம் சரிபண்ண முடியாத அளவுக்கு முறிஞ்சு போச்சுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டாப் போதும். சம்மனை ஷெரிஃப், அதாவது கோர்ட் பேப்பரைக் கொண்டு போய்க் குடுக்குற அதிகாரி, கணவர் கையிலயே கொடுக்கணும். சின்ன புள்ளை இருக்குறதால ஏற்பாடு சரியா இருக்கான்னு புள்ளையோட நலனைக் கவனிக்கிற அரசு ஆபீஸான ஃபேமிலி அட்வகேட் பாக்கும். ரெண்டு விஷயம் மட்டும் மறக்காதீங்க. கல்யாணம் திருச்சியில நடந்திருந்தாலும், அப்போ மாப்பிள்ளையோட நிரந்தர இருப்பிடம் சவுத் ஆப்பிரிக்கான்னா சொத்துக்கு இந்த நாட்டுச் சட்டம்தான், முன்கூட்டியே ஒப்பந்தம் எதுவும் எழுதலன்னா சொத்தும் கடனும் பொது. அப்புறம் உங்களுக்குன்னு தனியா ஜீவனாம்சம் வேணும்னா அது விவாகரத்து ஆர்டர்லயே இருக்கணும், பின்னாடி போய்க் கேக்க முடியாது, அதுக்காகவே சிலர் மாசம் 1 ராண்டு (இந்த நாட்டுப் பணம்)னு பேருக்காவது எழுதி வச்சுக்குறாங்க.

இப்ப விசா. முன்னாடியெல்லாம் உறவு முறிஞ்சா ஸ்பவுஸ் விசாவோட அடிப்படையே போயிடும், வேலையை நிறுத்தணும், நாட்டை விட்டுப் போய் வெளியிலேர்ந்துதான் வேற விசாவுக்குப் போடணும், புள்ளை இங்க, அம்மா அங்க. 2023 டிசம்பர் 4ஆம் தேதி இந்த நாட்டோட உச்ச நீதிமன்றமான கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் இதைத் தப்புன்னு சொல்லிடுச்சு. இந்த நாட்டுக் குடிமகனான புள்ளைக்கு அப்பாவாவோ அம்மாவாவோ பொறுப்பை நடத்துற வெளிநாட்டுக்காரங்களை, உறவு முறிஞ்சதுங்குற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டுட்டு வெளியே போகச் சொல்றது அரசியலமைப்புக்கு விரோதம்னு தீர்ப்பு. ரேமென்ட் (Rayment) கேஸ்னு சொன்னா வக்கீல்களுக்குத் தெரியும். என் வக்கீல் அந்தத் தீர்ப்பைச் சொல்லித்தான், பழைய விசா தேதி முடியுறதுக்கு முன்னாடியே மனு போட்டார். பொறுப்பை நடத்துறேன்னு காட்ட என்ன கொடுத்தோம்னு நினைக்கிறீங்க? அந்த மெயின்டனன்ஸ் ஃபைல்தான்! ஸ்கூல் ரசீது, கிளினிக் கார்டு, கோர்ட் ஆர்டர் எல்லாம் அப்படியே உதவுச்சு. தேதியை மட்டும் தவற விடாதீங்க, விசா முடிஞ்சும் 30 நாளுக்கு மேல தங்கி (ஓவர்ஸ்டே) ஆகி வெளியே போனா 5 வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்க.

ஆனா ஜோகன்னஸ்பர்க்குல ஐடி கம்பெனி விசாவுல வந்தவங்களோட மனைவிகளுக்கு இது பொருந்தாது. கணவனும் வெளிநாட்டுக்காரர், புள்ளையும் குடிமகன் இல்லன்னா அந்தத் தீர்ப்பை வச்சு நிக்க முடியாது, அவங்க விசா முழுக்க அவர் வேலையோட ஒட்டி இருக்கு. அவங்க தனக்குன்னு ஒரு வொர்க் விசாவுக்கு வழி இருக்கான்னு பிரியுறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட கேக்கணும். வசதி இல்லன்னா லீகல் எய்ட்ல (அரசு குடுக்குற சட்ட உதவி) கேட்டுப் பாருங்க, வருமானம் பாத்துதான் எடுப்பாங்க. மெயின்டனன்ஸ் மட்டும் இவங்களும் தாராளமா கேக்கலாம்.

எங்கம்மா போன் பண்ணும்போதெல்லாம் "பேசாம புள்ளையைத் தூக்கிட்டு வந்துடுடி"ம்பாங்க. அம்மா மனசு புரியுது, ஆனா அப்படி வர முடியாது. புள்ளையை நாட்டை விட்டு வெளியே கூட்டிட்டுப் போக 2005 சில்ட்ரன்ஸ் ஆக்ட்படி கார்டியனா இருக்குற ரெண்டு பேர் சம்மதமும் வேணும், இல்லன்னா கோர்ட் அனுமதி வேணும். அதனால டிசம்பர் லீவுக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போக அவர் கையெழுத்து போடணும்ங்குறதையும் விவாகரத்து ஒப்பந்தத்துலயே (செட்டில்மென்ட்) ஒரு வரியா எழுதி வாங்கிட்டேன், நீங்களும் எழுதி வாங்குங்க.