அறுபது பேரா, பத்துப் படகா?

எம்.எஸ்சி. உளவியலில் புள்ளியியல் தாளை மனப்பாடம் செய்தே தாண்டியவள் நான். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட்டுக்கு ஆட்கள் ஒருவரையொருவர் சாராதவர்களாக இருக்கணும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அதற்கு அர்த்தம் புரிந்தது ப்ராஜெக்ட்டுக்காகப் பாம்பன் கரையில் போய் நின்றபோதுதான்.

விசைப்படகுக்காரர்கள், நாட்டுப்படகுக்காரர்கள் இருவரில் யாருக்கு மன அழுத்தம் அதிகம் என்பது என் கேள்வி. நடுத்தர வித்தியாசத்தைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும் என்று கணக்கு சொன்னது. மன அழுத்தத்தை அளக்கும் கோஹனின் பத்துக் கேள்வி அளவுகோலோடு போனேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து என்றதும் நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள், லோன் பேப்பர் என்று நினைத்து. வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம், "போன ஒரு மாசத்துல எல்லாம் உங்க கட்டுப்பாட்டுல இருக்குன்னு எத்தனை தடவை தோணுச்சு?" என்றேன். ஊசியை நிறுத்தாமலே, "காத்து யாரு கட்டுப்பாட்டுல தங்கச்சி இருக்கு?" என்றார். இதை 0 என்று போடுவதா, 1 என்று போடுவதா? இந்தக் கேள்வி வேறு தலைகீழாக மதிப்பெண் போட வேண்டிய நான்கில் ஒன்று. முதலில் அதை மறந்து நேராகவே கூட்டியிருந்தேன். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் ஆல்ஃபா படுத்துவிட்டது. ஒரு வாரம் தூக்கம் போச்சு.

எப்படியோ பக்கத்துக்கு அறுபது பேர் சேர்த்தேன். பி மதிப்பும் 0.05-க்குள் வந்தது, அதாவது வித்தியாசம் 'சிக்னிஃபிகன்ட்', வெறும் தற்செயல் என்று தள்ள முடியாது. துள்ளிக் குதித்து ப்ராஜெக்ட் கைடு மேடத்திடம் காட்டினால், "விசைப்படகுல இந்த அறுபது பேரும் எத்தனை படகு?" என்றார்.

"பத்து, மேடம்."

ஒரே படகில் போகிறவர்களுக்கு மீன்பாடும் ஒன்று, கடனும் ஏறக்குறைய ஒன்று. படகில் மீன் இல்லாத வாரம் ஆறு பேருக்கும் வயிறு எரியும். ஒரே படகுக்காரர்களின் பதில்களுக்குள் ஒற்றுமை 0.2 என்று வைத்தால்கூட, ஆட்களின் எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + (6−1) × 0.2 = 2. அதாவது என் அறுபது பேர் முப்பது பேருக்குத்தான் சமம். யார் எந்தப் படகு என்பதையும் கணக்கில் சேர்க்கும் கலப்பு மாதிரியை (mixed model) ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டினேன். பி மதிப்பு 0.05-க்கு வெளியே போய்விட்டது.

இன்னும் படகு சேர்க்கலாம் என்றால் ஏப்ரல் 15 வந்துவிட்டது. 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கேள்வித்தாளோ "போன ஒரு மாசம்" என்கிறது. கட்டிக் கிடக்கும் படகுக்காரரின் மாதத்தை ஓடும் படகுக்காரரின் மாதத்தோடு கலக்க மனசு வரவில்லை. இருந்ததையே எழுதிக் கொடுத்தேன்.

வைவாவில் முதல் கேள்வியே, "சிக்னிஃபிகன்ட் இல்லையேம்மா?" பேனாவை வாங்கி, பத்துப் படகையும் தாளில் வரைய ஆரம்பித்தேன்.