ஒரு கையில் ஜாய்ஸ்டிக், இன்னொரு கை எங்கே?

மூன்று மாதமாக ஒரே வழியில்தான் பறந்துகொண்டிருக்கிறேன். திருச்சியில் ஏறுவது, மதுரையில் இறங்குவது. நிஜத்தில் இல்லை, கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டில். கருவிகளுக்குப் பதில் ஜி1000 என்ற டிஜிட்டல் திரை வைத்த செஸ்னா 172 என்ற சிறு விமானம், சுமார் 65 கடல் மைல். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பஸ்ஸில் எத்தனையோ தடவை போன வழி என்பதால் விராலிமலை எங்கே வரும், துவரங்குறிச்சி எங்கே வரும் என்று தெரியும். நான்கு வழிச்சாலையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும், வழி தேடும் வேலை மிச்சம்.

அப்படியும் கடைசி ஐந்து நிமிடம் ரணகளம். ஃப்ளாப் (மெதுவாகப் பறக்க உதவும், இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்கும் பட்டனைத் தேடிக் கண் கீழே போகும், அதற்குள் மூக்கு மேலே போகும். மூக்கை அடக்கினால் வேகம் ஏறும். எஞ்சின் வேகத்தை மாற்றும் த்ராட்டிலைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தால் ஓடுபாதை இருந்த இடத்தில் இருக்காது. இறங்கி முடித்தால் உள்ளங்கை ஈரம். "விளையாட்டுக்கு ஏங்க இவ்வளவு டென்ஷன்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சரி, எங்கே இடிக்கிறது என்று பார்க்க, போனை எனக்குப் பின்னால் நிறுத்தி என் கைகளை வீடியோ எடுத்தேன். இறங்கத் தொடங்கியதிலிருந்து தரை தொடும் வரை வலது கை ஜாய்ஸ்டிக்கை விட்டு 11 தடவை விலகியிருந்தது. அதில் 8 தடவை மவுஸுக்கு. இடது கை பெரும்பாலும் மேஜைமேல் சும்மா கிடந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. ஜாய்ஸ்டிக்கும் வலது கைக்கு, மவுஸும் வலது கைக்கு. ரேடியோவைத் திருப்பவோ உயரம் மாற்றவோ போகும் ஒவ்வொரு தடவையும் விமானத்தை ஓட்டுபவர் யாரும் இல்லை.

மவுஸை இடப்பக்கம் மாற்றி ஒரு வாரம் பார்த்தேன். திரையில் தெரியும் குமிழ்மேல் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தவே பத்து வினாடி ஆனது. கைவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கினேன். என்னுடையது நம்பர் பேட் இல்லாத லேப்டாப், அதனால் இது இடது கைக்கென்றே தனியாக உட்கார்ந்துகொண்டது. ஃப்ளாப், பிரேக், ஆட்டோபைலட், திசை, உயரம் எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். இங்கேதான் நான்கு மாலை நேரம் வீணானது. 1 என்ற பட்டனை ஃப்ளாப் இறக்க வைத்திருந்தேன். இறக்கும்போதெல்லாம் விமானம் பட்டம்போல மேலே எழும்பியது. செஸ்னா 172 ஃப்ளாப் இறக்கினால் கொஞ்சம் எழும்பும் என்பது தெரிந்ததுதான். அதனால் என் கைக்குத்தான் இன்னும் பக்குவம் வரவில்லை என்று நினைத்து, முன்னால் தள்ளித் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தற்செயலாக ட்ரிம் சக்கரத்தை (கையால் அழுத்திப் பிடிக்காமலே மூக்கை ஒரு கோணத்தில் நிறுத்த உதவுவது) பார்த்தால், அது தானாகச் சுற்றுகிறது. நம்பர் பேடின் 1 அந்த சிமுலேட்டரில் ஏற்கெனவே மூக்கைத் தூக்கும் ட்ரிம். புதிய வேலையைச் சேர்த்தேனே தவிர பழையதை நீக்கவில்லை. ஒரே பட்டன் இரண்டு வேலையும் செய்துகொண்டிருந்தது. புதிதாகப் பட்டன் ஒதுக்குபவர்கள் முதலில் அந்தப் பட்டனுக்கு ஏற்கெனவே என்ன வேலை இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதை அழித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

அடுத்த தொல்லை, எல்லாப் பட்டனும் விரலுக்கு ஒரே மாதிரி இருப்பது. பார்க்காமல் அமுக்கினால் எது எதுவென்று தெரியாது. செஸ்னாவில் சக்கரத்தை மடக்க முடியாது என்பதால் ஆபத்தில்லை. ஒருநாள் ஆசைக்கு, சக்கரத்தை மடக்கக்கூடிய பொனான்சா என்ற விமானத்தை எடுத்துப் போனேன். ஃப்ளாப் இறக்குகிறேன் என்று நினைத்து, கீழே இறங்கியிருந்த சக்கரத்தை மடக்கிவிட்டேன். மதுரை ஓடுபாதையில் வயிற்றால் இறங்கினேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகளுக்கு நடந்ததன் தலைகீழ்க் கதை இது. அவர்கள் தரையிறங்கி ஓடும்போது ஃப்ளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானிகளின் கவனக்குறைவு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் பார்த்தபோது, இரண்டு ஸ்விட்சும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கர ஸ்விட்சின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், ஃப்ளாப் ஸ்விட்சின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு என்று அவர் சொன்ன தீர்வு அவ்வளவுதான். இன்றைக்கும் பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரக் கைப்பிடியின் முனை சக்கரம்போலத்தான் இருக்கும், விதியே அப்படி.

நானும் செய்தேன். பையனின் உடைந்த பொம்மைக் காரிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, சக்கர பட்டன்மேல் இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினேன். ஃப்ளாப் பட்டன்களில் ஐஸ் குச்சியைச் சரிவாகச் சீவி ஒரு துண்டு. பிரேக்குக்கு உப்புத்தாள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் மறுநாளே கண் கீழே போவது நின்றது. இந்த மூன்று மாதத்தில் காசுக்குப் பயன் அதிகம் தந்தது இந்த உப்புத்தாள் வேலைதான்.

ட்ரிம்மை ஜாய்ஸ்டிக் தலையில் கட்டைவிரலால் நாலு பக்கமும் தள்ளும் ஹேட் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தேன். முன்பு அதில் சுற்றிப் பார்க்கும் வேலை இருந்தது. பார்வைக் கோணங்களை கண்ட்ரோல், ஆல்ட், எண் அமுக்கிச் சேமித்து, ஆல்ட்டும் எண்ணும் அமுக்கித் திரும்ப அழைத்துக்கொள்ளலாம் என்பதால் ஹேட் தேவைப்படவில்லை. நிஜ விமானத்தில் ட்ரிம் வைத்ததும் கையில் அழுத்தம் குறைவது தெரியும். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும், அந்த உணர்வு கிடையாது. அதனால் ட்ரிம்மைத் தட்டித் தட்டி, அதே அளவுக்கு ஜாய்ஸ்டிக்கையும் நடுவுக்கு விட்டுக்கொண்டே வர வேண்டும். இது பழக இரண்டு வாரம் ஆனது. பழகியபின் கையை எடுத்தாலும் விமானம் தன்பாட்டுக்குப் போகிறது.

கை ஒழிந்ததும் ஆட்டோபைலட்மேல் நம்பிக்கை வந்தது. அதிலும் ஒரு அடி. 4,500 அடியில் போய்க்கொண்டிருந்தபோது ஆட்டோபைலட் பட்டனை மட்டும் அமுக்கிவிட்டு மதுரை அலைவரிசையைத் தேடப் போனேன். திரும்பிப் பார்த்தால் 3,600. அந்தப் பட்டனை மட்டும் அமுக்கினால் அப்போதைய மூக்கின் கோணத்தையும் சாய்வையும்தான் அது பிடித்துக்கொள்ளும். உயரத்தைப் பிடிக்கத் தனியாக ஏஎல்டி (உயரம்) என்ற பட்டனை அமுக்க வேண்டும். திரையின் மேல்பக்கம் பிஐடி, அதாவது மூக்கின் கோணம், என்று பச்சையில் எழுதியே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. 1972 டிசம்பர் 29 இரவு மயாமி அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 என்ற பயணிகள் விமானம் விழுந்தது நினைவுக்கு வந்து முதுகு சிலிர்த்தது. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிப்பதை விட்டு விலகியதை யாரும் கவனிக்கவில்லை. யாரோ கைபட்டு விலகியிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. இறந்தவர்கள் 101 பேர். பழுது ஒரு பல்பில். அன்றிலிருந்து பட்டனை அமுக்கியதும் திரையில் வந்த எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்து அறையில் இருப்பவர்கள் பழகிக்கொண்டார்கள்.

இவ்வளவு செய்தும் வலது கை ஜாய்ஸ்டிக்கை விட்டு விலகும் எண்ணிக்கை 6-க்குக் கீழே வரவில்லை. வீடியோவை மறுபடி பார்த்தேன். பட்டன்கள் சரியாகத்தான் இருந்தன. வேலைகளெல்லாம் கடைசி மூன்று நிமிடத்தில் குவிந்திருந்தன. அதனால் ஊர்களையும் மலைகளையும் வைத்து வேலையை முன்னால் தள்ளினேன். துவரங்குறிச்சி தாண்டியதும் அலைவரிசை, காற்று, எந்த ஓடுபாதை என்பதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருப்பதால் அப்போது கை சும்மாதான் இருக்கிறது. அழகர்மலை வலது இறக்கைக்கு நேராக வந்ததும் இறக்கம். 4,500-லிருந்து 1,500 அடிக்கு 3,000 அடி இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 500 வீதம் ஆறு நிமிடம், 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் 11 கடல் மைல். மலையிலிருந்து விமான நிலையம் 17 கடல் மைல் வாக்கில், ஆக வேகம் குறைக்கவும் இடம் மிஞ்சும். யானைமலை வந்ததும் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, 90 நாட், ஃப்ளாப் 10 டிகிரி. இரண்டாவது கட்ட ஃப்ளாப்புக்கு வேகம் 85-க்குக் கீழே இருக்க வேண்டும், அது நகரத்தின் கிழக்கு ஓரத்தைத் தாண்டியபின். ஆடி மாதம் நேரடி வானிலையில் மேற்குக் காற்று என்பதால் பெரும்பாலும் மேற்கு நோக்கி இறங்கும் 27 என்ற ஓடுபாதைதான், வலது பக்கம் திரும்பி நேர்க்கோட்டுக்கு வருவேன். அதற்குப் பிறகு த்ராட்டிலும் ஜாய்ஸ்டிக்கும் தவிர எதையும் தொடக்கூடாது என்பது நானாகப் போட்ட விதி, முழு ஃப்ளாப் மட்டும் விலக்கு. தொட வேண்டி வந்தால் இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவேன். முதல் வாரத்தில் நான்கு தடவை அப்படிச் சுற்றினேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு 2. இரண்டுமே மவுஸுக்கு, உயரமானியில் காற்றழுத்த அளவை மாற்ற. அதை இன்னும் நம்பர் பேடில் வைக்கவில்லை, இடமில்லை.

பக்கக் காற்று மட்டும் இன்னும் வசப்படவில்லை. மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடான ரட்டருக்கு ஜாய்ஸ்டிக்கைத் திருக வேண்டியிருப்பதால், திருகும்போது கை தன்னையறியாமல் விமானத்தையும் சாய்க்கிறது. திருகும் அச்சின் உணர்திறனைக் குறைத்து வைத்திருக்கிறேன், ஓரளவு பரவாயில்லை. ரட்டரைக் காலால் இயக்கும் பெடலின் விலையைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். பொம்மைச் சக்கரத்தைப் பையன் நேற்று பிய்த்து எடுத்துக்கொண்டான், கார் ஓட வேண்டுமாம். இப்போதைக்கு அங்கே பழைய சட்டையின் பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கிறது. செஸ்னாவுக்கு அந்தப் பட்டனே தேவையில்லை, இருந்தாலும் விரல் அங்கே எதையோ தேடுகிறது.