கொசுவலைக்கும் கணக்கு உண்டு

சென்னைப் புறநகரில் கட்டவிருந்த ஒரு சிறிய வாசகசாலைக்கு ஏசி இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கட்டடக் கலைஞரான தோழி கேட்டார். ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளில் காற்று எப்படி ஓடும் என்று கணித்துப் பார்ப்பதாகச் சொன்னேன்.

கட்டடத்தை வரைவது சீக்கிரம் முடிந்தது. அதைச் சுற்றியுள்ள வெளியைத் தயார் செய்யத்தான் நேரம் பிடித்தது. கட்டட உயரத்தைப் போல காற்று வரும் முன்பக்கத்திலும் பக்கங்களிலும் மேலேயும் 5 மடங்கு, காற்று போகும் பின்பக்கத்தில் 15 மடங்கு இடம் விடுவது இத்துறை வழக்கம். பக்கத்து வீடுகளையும் வெறும் பெட்டிகளாகவாவது வைக்க வேண்டும். நம் ஜன்னலுக்கு வரும் காற்றை அவைதான் தீர்மானிக்கின்றன. வானிலை நிலையம் தரும் வேகம் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்துக்கானது. ஜன்னல் மட்டத்தில் அது குறையும் என்பதால், உயரத்தோடு கூடும் வேகமாகக் கொடுத்தேன். ஜூனில் காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று, பிற்பகலில் கடற்காற்று. இரண்டையும் தனித்தனியே ஓட்டினேன்.

அப்புறம் மெஷ், அதாவது கணக்குப் போடுவதற்காக இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது. ஒரே கட்டடத்தை மூன்று விதமான நெருக்கத்தில் ஓட்டி, ஜன்னல் வழியே போகும் காற்றின் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தேன். கணிப்பு முடிவில் வரும் வண்ணப்படம் எப்போதும் அழகாகவே இருக்கும். அதை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கொசுவலை. நம் ஊரில் அது இல்லாத ஜன்னல் ஏது? ஒவ்வொரு கம்பியையும் மெஷ்ஷில் கொண்டுவர முடியாது. அதனால் வலையை மெல்லிய தடுப்பாக வைத்து, காற்று கடக்கும்போது அழுத்தம் குறையும்படி அமைத்தேன். ஓட்டம் கண்கூடாகக் குறைந்தது. வலையில்லாத கணக்கை நம்பி ஜன்னல் அளவை முடிவு செய்வது, படிக்க வருபவர்களைப் புழுக்கத்தில் உட்கார வைப்பதற்குச் சமம்.

ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள பின்னறையில் வேறு சிக்கல். அங்கே காற்று மாறுவது பெரும்பாலும் வீச்சு ஏறி இறங்குவதால்தான். நான் பயன்படுத்திய கே-எப்சிலான் என்ற கணிப்பு முறை காற்றோட்டத்தின் சராசரியைத்தான் தரும். அந்த ஏற்ற இறக்கம் அதில் தெரியாது. அதைப் பிடிக்கும், காற்றின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணிக்கும் எல்இஎஸ் முறைக்கு எங்களிடம் இருந்த கம்ப்யூட்டர் போதாது. சரி, கணிப்போடு மல்லுக்கட்டுவதைவிட அறையையே மாற்றலாம் என்று, கதவுக்கு மேலே கூடத்தைப் பார்த்து ஒரு வென்டிலேட்டர் வைக்கச் சொன்னேன். தோழி உடனே வரைபடத்தில் சேர்த்தார். எதிரெதிரே திறப்பு வந்ததும் பின்னறைக்கும் நம்பத்தக்க எண் கிடைத்தது. கூடத்து ஜன்னல்களை வலையோடு போட்ட கணக்குப்படி பெரிதாக்கினோம்.